அண்ணனின் ஐம்பத்திரண்டு ஃபிளாப்பிகள்

போன வருடம் ஒரு நாள் அண்ணி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "உங்க அண்ணன் எழுதினதெல்லாம் இதுலதான் இருக்குன்னு சொல்லிட்டே இருப்பார். தூக்கிப்போட மனசு வரலை. திறக்க முடியுதான்னு பாருங்களேன் தம்பி" என்றார். அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கதை எழுதுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அச்சில் வந்தது மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் எங்கே போனது என்று நானும் அதுவரை கேட்டதில்லை.

பெட்டிக்குள், அந்தக் காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்துவைத்த 52 ஃபிளாப்பிகள் இருந்தன. ஒன்பது, வளைந்து கொடுக்கும் ஐந்தேகால் அங்குல வகை. மீதி 43, கெட்டியான மூன்றரை அங்குல வகை. ஒவ்வொன்றிலும் அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு லேபிள்: 'கணக்கு 93', 'கடிதங்கள் 2', 'எழுத்து - தொடாதே'. அடியில் இருந்த ஒன்றை அண்ணியே எடுத்துக் காட்டினார். 'கதை - கடைசி' என்று எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், இப்படி ஒரு பெட்டி இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 'இனி இதையெல்லாம் படிக்க முடியாது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியும். ஆனால் அவசரப்பட்டால் முடியாமல் போய்விடும்.

நான் அவசரப்பட்டேன். முதல் நாள் மாலையே, என்னிடம் இருந்த பழைய கணினியை எடுத்துத் தூசி தட்டி இயக்கினேன். அதில் ஐந்தேகால் அங்குல டிரைவ் இருந்தது. மேலாக இருந்த 'கணக்கு 93' ஃபிளாப்பியை உறையிலிருந்து உருவி, சரியாகக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைத்துப் பிடியைத் திருப்பினேன். வழக்கமான கர்ர் சத்தத்தோடு சேர்ந்து, மணல்தாளில் நகத்தைத் தேய்த்தது போல மெல்லிய ஒரு கிறீச். பத்து விநாடி இருக்கும். வெளியே எடுத்து, நீள்வட்டத் திறப்பு வழியாக வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்புப் பரப்பின் நடுவே கண்ணாடி போலத் தெளிவான ஒரு வளையம். அந்த வளையத்தின் வழியே மறுபக்கத்து விளக்கு தெரிந்தது.

நடந்தது இதுதான். ஃபிளாப்பி என்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அதன் இரு பக்கமும் காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு பூசியிருப்பார்கள். எழுதியது எல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் படிக்கும் ஹெட் தட்டின் மேல் படாமல் மிதக்கும். ஃபிளாப்பியில் அப்படி இல்லை, ஹெட் தகட்டைத் தொட்டு உரசிக்கொண்டேதான் படிக்கும். தகடு சுத்தமாக இருக்கும்வரை அது தாங்கும். ஆனால் அண்ணனின் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சையும் தூசியும் ஹெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டி, பூச்சையே சுரண்டி எடுத்துவிட்டன. சுரண்டிய பொடி ஹெட்டில் ஒட்டிக்கொண்டது. அதே டிரைவில் அடுத்த ஃபிளாப்பியைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அண்ணியிடம் சொன்னேன். "கணக்குதானே தம்பி, போனா போகட்டும்" என்றார். லேபிளில் கணக்கு என்று இருந்தால் உள்ளே கணக்கு மட்டும்தான் இருந்தது என்று யார் சொல்ல முடியும்? அந்த வளையத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எந்த ஃபிளாப்பியையும் டிரைவில் போடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். முதலில் எல்லாவற்றையும் லேபிளோடு இரு பக்கமும் படம் எடுத்தேன். வரிசை எண்ணைத் தனியாக ஒரு காகித உறையில் எழுதி அதற்குள் போட்டேன். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்தத் தடம் உள்ளே இருக்கும் தகட்டிலும் விழும். அதனால்தான் உறை.

அப்புறம் எழுத்துத் தடை. மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையில் நகரும் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அது மூடும் ஓட்டை திறந்திருந்தால் டிரைவ் அந்த ஃபிளாப்பியில் எழுதாது. ஐந்தேகால் அங்குலத்தில் இது நேர் எதிர், ஓரத்தில் இருக்கும் வெட்டை மூடினால்தான் தடை. வெளிச்சம் ஊடுருவாத ஒட்டு வில்லையால் ஒன்பதையும் மூடினேன். 'நான் படிக்கத்தானே போகிறேன், எதற்கு இதெல்லாம்' என்று தோன்றும். விண்டோஸ் 95, நுழைத்த ஃபிளாப்பியின் முதல் செக்டரில், அதாவது தகட்டைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகளில் முதலாவதில், கேட்காமலே தன் அடையாளக் குறி ஒன்றை எழுதிவைக்கும். கோப்பைத் திறந்தாலே திறந்த தேதியை மாற்றி எழுதுவதும் உண்டு. அண்ணன் கடைசியாக என்றைக்கு அந்தக் கோப்பைத் தொட்டார் என்ற தேதி எனக்கு முக்கியம்.

பூஞ்சையைப் பார்ப்பது எளிது. மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் உலோகக் கதவை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் இருக்கும் உலோக வட்டத்தை மெதுவாகச் சுற்றினால் தகட்டின் முழுப் பரப்பும் கண்ணில் படும். சாய்வாக விளக்கைப் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகளும் சுருண்ட நூல் போன்ற கறைகளும் தெரியும். 43-ல் ஐந்தில் இருந்தது. 'கதை - கடைசி' அந்த ஐந்தில் ஒன்று. அதில் கடுகளவு புள்ளிகள் மூன்று.

மூன்றரை அங்குலத்துக்கு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, கதவுத் திறப்பு வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்தேன். அழுத்தவே கூடாது. பழுப்பு நிறம் குச்சியில் ஏறினால் பூச்சு உதிர்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் ஒன்று மோசமாக இருந்தது. அதன் உறையின் மேல்விளிம்பை மட்டும் கத்தியால் பிரித்து, தகட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு அலசினேன். நூல் உதிராத துணியில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வேண்டாத ஒரு நல்ல ஃபிளாப்பியின் உறையைக் காலி செய்து அதற்குள் செருகினேன். காந்தத்தில் எழுதியதைத் தண்ணீர் அழிக்காது. நனைந்தபடி சுற்றினால்தான் ஆபத்து. முதல் தடவை அந்தத் தகட்டை வெறும் கையில் பிடித்தபோது விரல் நடுங்கியது. காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கனம்.

சரி, படிக்கும் வேலைக்கு வருகிறேன்.

முப்பத்தேழு மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள் சாதாரணக் கணினியில் எழுதியவை. ஆறு, ஆப்பிளின் மெக்கின்டோஷில் எழுதியவை. அண்ணன் கொஞ்ச காலம் அச்சுக்கோப்பு வேலையில் இருந்தார், அந்த அலுவலகத்தில் மெக் தான். சாதாரணமானவற்றுக்கு இப்போது கிடைக்கும் யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவே போதும். 37-ல் 30 அதிலேயே படித்தன. ஆனால் கோப்புகளைச் சுட்டி இழுத்து நகல் எடுக்கவில்லை. அதை யாரும் செய்ய வேண்டாம் என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோப்பு கோப்பாக எடுத்தால் ஹெட் அங்கும் இங்கும் பலமுறை ஓடும். ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் கணினி திரும்பத் திரும்ப அதே இடத்தில் தேய்க்கும். அதற்குப் பதில் முதல் செக்டரிலிருந்து கடைசிவரை முழு ஃபிளாப்பியையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக எடுத்துவிட வேண்டும். பிறகு ஃபிளாப்பியை உறையில் போட்டு வைத்துவிட்டு அந்த இமேஜில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒவ்வொரு சுற்றும் இந்தத் தகட்டின் கடைசிச் சுற்றாக இருக்கலாம் என்று நினைத்தே நான் வேலை செய்தேன்.

இமேஜ் எடுக்க லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இருக்கிறது. அது முதலில் எளிதாக வரும் பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அதே ஃபிளாப்பியை வேறொரு டிரைவில் போட்டால், விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடிப் படிக்கும். ஒரு டிரைவுக்கு வராதது இன்னொன்றுக்கு வரும். ஏனென்றால் எழுதிய டிரைவின் ஹெட் ஒரு மயிரிழை விலகி இருந்திருக்கலாம், படிக்கும் டிரைவின் ஹெட் எதிர்ப்பக்கம் விலகி இருக்கலாம்.

படிக்காத ஏழில் நான்கு வேறு காரணத்தால் படிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் எழுத்துத் தடை ஓட்டைக்கு எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை இருக்கும். அதை வைத்துத்தான் டிரைவ் இது எந்த ரகம் என்று முடிவு செய்கிறது. அண்ணன் ஏதோ ஒரு பழைய கணினியில், உயர்ரக ஃபிளாப்பியை 720 கே.பி. அளவில் ஃபார்மட் செய்திருக்கிறார். டிரைவ் ஓட்டையைப் பார்த்து 1.44 என்று நம்பிப் படிக்கப் போய், ஒன்றும் புரியாமல் திரும்பியது. ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். நான்கும் உடனே படித்தன.

மெக் ஃபிளாப்பியை நுழைத்தபோதுதான் கை கால் ஓடவில்லை. 'இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா' என்று திரையில் கேட்டது. பழைய ஃபிளாப்பி வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்திப்பார்கள். இதற்கு ஆம் என்று சொன்ன விரலால் எத்தனை பேரின் கடிதங்கள் போயிருக்குமோ! அந்தக் கேள்விக்கு 'ஃபிளாப்பி காலி' என்று பொருள் இல்லை. 'எனக்குத் தெரிந்த முறையில் இது எழுதப்படவில்லை' என்பதுதான் பொருள்.

மெக்கின் 800 கே.பி. ஃபிளாப்பியும் கணினியின் 720 கே.பி. ஃபிளாப்பியும் பார்க்க ஒன்றுதான், தகடும் ஒன்றுதான். ஆனால் கணினி டிரைவ் எப்போதும் நிமிடத்துக்கு 300 சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றும், ஒவ்வொரு டிராக்கிலும், அதாவது தகட்டின் ஒவ்வொரு வட்டப் பாதையிலும், ஒரே எண்ணிக்கையில் செக்டர் எழுதும். ஆப்பிள்காரர்கள், வெளி டிராக்கின் சுற்றளவு பெரிது, அதில் ஏன் கூடுதலாக எழுதக்கூடாது என்று யோசித்தார்கள். அதனால் வெளி டிராக்குகளில் 12 செக்டர், உள்ளே போகப் போகக் குறைந்து 8. அதற்கேற்ப வேகமும் ஏறத்தாழ 394-லிருந்து 590 சுற்றுவரை மாறும். பிட்டுகளைக் காந்தத்தில் குறிக்கும் முறையும் வேறு. யூ.எஸ்.பி. டிரைவுக்குள் இருக்கும் சிப்புக்கு இது எதுவும் தெரியாது, கற்றுக்கொடுக்கவும் முடியாது.

இந்த இடத்தில்தான் கிரீஸ்வீசல் வந்தது. கீர் ஃபிரேசர் என்பவர் உருவாக்கிய சின்னச் சுற்றுப்பலகை அது. அதற்கான நிரல் எல்லோருக்கும் இலவசம். பழைய கணினிக்குள் இருந்த சாதாரண டிரைவைக் கழற்றி, 34 முனை நாடா வயரால் பலகையில் செருகி, பலகையை யூ.எஸ்.பி.யில் மாட்டி, டிரைவுக்கு மின்சாரம் கொடுத்தால் போதும். அது ஃபிளாப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. தகட்டில் காந்தத்தின் திசை எங்கெங்கே மாறுகிறது, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை மைக்ரோ விநாடி என்று மட்டும் அளந்து எழுதிக்கொள்ளும். இதற்கு ஃபிளக்ஸ் பதிவு என்று பெயர். ஒரு ஃபிளாப்பிக்கு இரண்டு நிமிடம் போல ஆகும். புரிந்துகொள்ளும் வேலையெல்லாம் பிறகு நிதானமாக மென்பொருளில் நடக்கும். மெக், அமிகா, கொமடோர், பழைய சி.பி.எம். கணினி என்று எதில் எழுதியதாக இருந்தாலும் ஒன்றுதான். ஆறு மெக் ஃபிளாப்பிகளும் ஒரு செக்டர் குறையாமல் வந்தன.

ஆனால் செக்டர் வந்துவிட்டால் எழுத்து வந்துவிட்டது என்று ஆகாது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-ல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் அவருடைய ஃபிளாப்பிகளுக்குள்ளேயே பல வருடம் கிடந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவற்றை எடுத்தார்கள், 2014-ல் அது உலகுக்குத் தெரிந்தது. அவர்களும் ஃபிளாப்பியைப் படித்ததோடு நிற்கவில்லை. வழக்கொழிந்த கோப்பு வடிவத்தையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியிலும் அதே கதைதான்.

மெக் கோப்புகளைத் திறந்தால் குப்பையாக வந்தது. அந்த அலுவலகத்தில் அப்போது தங்களுக்கென்றே ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தார்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது அந்த எழுத்துருவுக்கு மட்டும்தான் தெரியும். எழுத்துரு இல்லையென்றால் அது பூட்டு, சாவி இல்லை. அப்போதுதான் 'எழுத்து - தொடாதே' ஞாபகம் வந்தது. இமேஜைத் திறந்து அதில் இருந்த கோப்பை வெளியே எடுத்தேன். அளவு சுழியம். ஒரு பைட்கூட இல்லை.

அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள்தான் புரிந்தது. பழைய மெக்கில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு கிளை உண்டு, தரவுக் கிளை, வளக் கிளை. எழுத்துருவின் உடம்பு முழுக்க வளக் கிளையில் இருக்கும். வேறு கணினிக்கு நகல் எடுத்தால் தரவுக் கிளை மட்டும் வரும், அது காலி. எத்தனையோ பேர் இதைப் பார்த்து 'கோப்பு போய்விட்டது' என்று முடிவு கட்டியிருப்பார்கள். மினி விமேக் என்ற மென்பொருள், இப்போதைய கணினிக்குள்ளேயே ஒரு பழைய மெக்கை இயக்கிக் காட்டும். இமேஜை வெளியே பிரிக்காமல் அதற்குள்ளேயே ஏற்றி, எழுத்துருவை நிறுவி, கோப்பைத் திறந்தேன். கறுப்பு வெள்ளைத் திரையில் புள்ளி புள்ளியாகத் தமிழ் வந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கும் ஒரு கடிதம். அண்ணியைக் கூப்பிட்டேன். கடிதம் அவருக்கு எழுதியது. நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிளாப்பியில் ஒரு கோப்பை அழித்தால் அது உண்மையில் அழியாது. அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்தை ஒரு குறியாக மாற்றி, 'இந்த இடம் காலி' என்று எழுதிவைப்பார்கள், அவ்வளவுதான். மேலே வேறு எதுவும் எழுதாத வரை உள்ளடக்கம் அப்படியே இருக்கும். அண்ணனின் இமேஜ்களில் அப்படி அழித்த கோப்புகள் நிறைய இருந்தன. ஒரே கட்டளையில் பெரும்பாலும் திரும்ப வரும். நான் எடுக்கவில்லை. வேண்டாம் என்று அவர் முடிவு செய்தவை அவை. அண்ணியும் அதையே சொன்னார்.

ஐந்தேகால் அங்குலம் எட்டில் ஏழு முழுதாக வந்தன. அலசிக் காயவைத்த அந்த ஒன்றில் முக்கால் பங்கு வந்தது. பெரும்பாலும் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுது மென்பொருளில் அடித்த ஆங்கிலக் கடிதங்கள். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விசித்திரமான குறியாகத் தெரியும். வேர்ட்ஸ்டார் அந்த எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும், அதை இறக்கிவிட்டால் சரியாகிவிடும். மூன்றரை அங்குலத்தில் மிச்சம் நின்றவை மூன்று. இரண்டு, கிரீஸ்வீசலில் மூன்றாவது டிரைவை மாட்டியதும் வந்தன.

இனி 'கதை - கடைசி'.

மூன்று புள்ளிகளையும் துடைத்தபோது இரண்டு போய்விட்டன. மூன்றாவது புள்ளி தன் அடியில் பூச்சையும் அரித்திருந்தது. 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டர், இரு பக்கமும் சேர்த்து 2,880 செக்டர். 2,879 வந்தன. வராத செக்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முதல் 33 செக்டர்கள் ஃபிளாப்பியின் நிர்வாகத்துக்கானவை. அதில் கோப்புகளின் இருப்பிடத்தைச் சொல்லும் ஃபேட் அட்டவணை இரண்டு பிரதியாக இருக்கும், ஒன்று போனால் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். அங்கே இருந்திருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். இல்லை. அட்டவணைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த 512 பைட் நேராகக் கதைக் கோப்பின் நடுவில் விழுந்தது.

கோப்பு பழைய வேர்டில் அடித்தது. லிப்ரே ஆபிஸ் அதைத் திறந்தது. திறந்ததும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம். ஆனால் இந்தக் கூளம் எனக்குப் பழக்கம். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக ஓரிடத்தில் நின்றன. பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு அது பார்த்தவுடனே தெரியும். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்ப்புள்ளி. 'தமிழ்'. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் கைக்கு அது வந்து சேரும்வரை, நாம் எல்லோரும் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். முகமூடியைக் கழற்றினால் இந்தக் கூளம்.

மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்கள். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டே போனால் கொம்பெல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கொம்பும் காலும் சேர்ந்த சேர்க்கைகளை முதலில் மாற்றி, பிறகு தனிக் கொம்பு, கடைசியில்தான் தனி எழுத்து என்ற வரிசையில் போக வேண்டும்.

கதை வந்தது. இருபத்து மூன்று பக்கம். பதினான்காம் பக்கத்தில் ஒரு பள்ளம்.

அந்த ஒரு டிராக்கை மட்டும் இருபது சுற்று ஃபிளக்ஸ் பதிவு எடுத்தேன். ஒவ்வொரு செக்டரின் முடிவிலும் சி.ஆர்.சி. என்று ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். படித்தது அதோடு பொருந்தினால் சரி, இல்லையென்றால் பிழை. இருபது சுற்றிலும் பொருந்தவில்லை. ஆனால் இருபதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, முதல் 190 பைட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு புள்ளி வருகிறது, அதைத் தாண்டியதும் டிரைவ் தாளம் தப்பி ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்று சொல்கிறது. அந்த 190 பைட்டை எடுத்துக்கொண்டேன். சுமார் இருபது சொல். சரிபார்ப்பு எண் உறுதி சொல்லாத இடம் என்று தெரிவதற்காக அவற்றுக்கு அடிக்கோடு இட்டேன். மீதி 322 பைட், ஏறக்குறைய முப்பத்தைந்து சொல், இல்லை. 'அவள் கடிதத்தை மடித்து' என்று நின்று, 'ந்தது. மழை விட்டிருந்தது.' என்று மறுபடி தொடங்குகிறது.

அண்ணியிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தார். "இந்த இடம் ஞாபகம் இருக்கு தம்பி. எனக்குப் படிச்சுக் காட்டினார். என்ன நடக்கும்னு சொல்லிடுவேன், ஆனா அவர் வார்த்தை வரலை" என்றார். நாமே ஒரு வரி எழுதி இணைத்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம். இடம் விட்டுடுங்க" என்றார்.

முப்பத்தைந்து சொல்லுக்கு அந்த அகலத்தில் ஐந்து வரி ஆகும். ஐந்து வரி வெற்றிடம் விட்டுக் கட்டமைத்தேன். 52 இமேஜ் எடுத்திருக்க வேண்டியது, 51 இருக்கிறது. அவற்றில் 49 முழுசு, இரண்டு குறை. எல்லாம் மூன்று பிரதியாக மூன்று வேறு இடங்களில் இருக்கின்றன. அந்த ஒரு டிராக்கின் ஃபிளக்ஸ் பதிவைத் தனியாகவும் வைத்திருக்கிறேன். போன மாதம் நான்காவதாக ஒரு டிரைவ் கிடைத்தது, ஹெட்டைச் சுத்தம் செய்து அதிலும் இருபது சுற்று எடுத்தேன். ஒரே மாதிரி வந்த பகுதி 190-லிருந்து 204 ஆகியிருக்கிறது. 'மடித்து'க்குப் பிறகு 'உறைக்குள்' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அடுத்த வாரம் நண்பர் ஒருவர் தன்னிடம் உள்ள டிரைவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.